எனக்கு நானே திருப்பிய பைல்

இப்படி வாங்க சார், தூணுக்கு இந்தப் பக்கம் வெயில் இல்ல. உங்களுக்கு சிங்கப்பூர் பிளைட்டா? மகன் வர்றாரா? நல்லது. எனக்கு வியட்நாம். முக்கா மணி நேரம் லேட்டுன்னு போர்டுல ஓடுது. வீட்டுக்காரம்மா வர்றா. அஞ்சு நாள் டூர் போயிட்டு வர்றா. ஆமா, தனியாத்தான். தனியான்னா, கூட முப்பது பொம்பளைங்க, ஒரு சமையக்காரர். நான் போகல.

ஏன் போகலன்னு கேளுங்க, பரவால்ல. எங்க தெருவுல கேக்காத ஆள் கிடையாது. பால்காரர் கேட்டாரு, இஸ்திரி போடுறவர் கேட்டாரு, மேல் வீட்டு டியூஷன் புள்ளைங்க கூட கேட்டுச்சுங்க. எல்லார்கிட்டயும் ஆபீஸ்ல ஆடிட்டுன்னு சொல்லிட்டேன். ஆடிட்டெல்லாம் ஒண்ணும் இல்ல. உங்களை நான் இனிமே எங்க பாக்கப் போறேன், உங்ககிட்ட உண்மையச் சொன்னா என்ன குறைஞ்சிடப் போவுது.

பேரு திருஞானம். பெரம்பலூர்ல ஒரு மாவட்ட ஆபீஸ்ல சூப்பிரண்டு. எந்த ஆபீஸுன்னு கேக்காதீங்க, ஆபீஸ் மேல ஒரு தப்பும் இல்ல. கவர்மென்ட் உத்தியோகத்துல இருக்கிறவன் வெளிநாடு போகணும்னா மேல அனுமதி வாங்கணும், தெரியுமில்ல? எந்த ஊருக்குப் போறேன், எத்தனை நாளு, எவ்வளவு செலவாகும், அந்தப் பணம் எங்கேருந்து வருது, எல்லாத்தையும் எழுதிக் குடுக்கணும். எங்க மாவட்டத்துல எங்க டிபார்ட்மெண்ட் ஆளு யாரு எழுதிக் குடுத்தாலும் அது என் மேசைக்குத்தான் வரும். பதினோரு வருஷமா அப்படித்தான். நான் படிச்சுப் பாத்து, சரியா இருந்தா எங்க அதிகாரி மேடத்துகிட்ட கையெழுத்துக்கு அனுப்பணும்.

'சரியா இருந்தா'ன்னு சொன்னேன் பாருங்க, இருந்ததே இல்ல. எங்கயாவது ஒண்ணு இடிக்கும். தேதி இருக்காது, இல்ல கூட்டல்ல நாப்பது ரூபா உதைக்கும். 'விளக்கம் கோரித் திருப்பப்படுகிறது'ன்னு சிவப்பு மையில எழுதி அனுப்பிடுவேன். என் செக்ஷன்ல ஒரு பைலு ஒரே தடவைல தாண்டினதா சரித்திரம் கிடையாது. காசு வாங்குறதுக்காகத் திருப்புறான்னு நினைச்சிடாதீங்க. ஒரு டீ கூட ஒருத்தர்கிட்ட வாங்கிக் குடிச்சதில்ல நான். சும்மாவே திருப்புவேன். அதுல எனக்கு ஒரு பெருமை வேற.

சரி, விஷயத்துக்கு வர்றேன். போன வருஷம் மகளைக் கட்டிக் குடுத்தாச்சு. வீட்டு லோனும் முடிஞ்சுது. ஜனவரி மாசம் ஒரு நாள் இந்திராணி ஒரு நோட்டீசைக் கொண்டுவந்து என் தட்டு பக்கத்துல வச்சா. இந்திராணிதான் என் வீட்டுக்காரம்மா. ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை பண்ணுவா, நல்ல கை. நோட்டீசு டூர் ஜெயசீலனோடது. இத்தனை நாளா பஸ்ல காசி ராமேஸ்வரம் கூட்டிட்டுப் போய்க்கிட்டிருந்த மனுசன், இப்ப வியட்நாமுக்குக் கூட்டிட்டுப் போறாராம். அஞ்சு நாள், ஆளுக்கு அறுபத்திரண்டாயிரம், நம்ம ஊரு சமையக்காரர் கூடவே வர்றாரு, ரெண்டு வேளை ரசம் உண்டுன்னு கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சு.

வியட்நாம்ல அப்படி என்ன இருக்குன்னு கேட்டேன். அவ தட்டுல இருந்த ரசத்தைப் பாத்துக்கிட்டே சொன்னா.

"எனக்குப் பெருசா ஒண்ணும் பாக்க வேணாங்க. என்னை யாருன்னே தெரியாத ஊர்ல ஒரு நாள் தெருவுல நடக்கணும். அவ்வளவுதான்."

எனக்கு அது அப்ப புரியல சார். நம்ம ஊர்ல நடந்தா என்னவாம்னு நினைச்சேன். அப்புறம்தான் யோசிச்சுப் பாத்தேன். அவ மார்க்கெட்டுல கத்திரிக்கா பொறுக்கிக்கிட்டு இருப்பா, பின்னாடி ஒருத்தர் வந்து நிப்பாரு. 'சாரு வீட்டம்மாதானே? என் பைலைக் கொஞ்சம் சார்கிட்ட ஞாபகப்படுத்துங்கம்மா'ம்பாரு. கோயில்ல சாமி கும்பிட விட மாட்டாங்க. ஜவுளிக்கடைல புடவைய விரிச்சுப் போட்டவன், விலையச் சொல்றதுக்கு முன்னாடி அவன் மச்சான் பைலைப் பத்திச் சொல்லுவான். இருபத்தாறு வருஷமா அவ எங்க போனாலும் பின்னாடியே என் பைலுங்க போயிருக்கு. இதை நான் யோசிச்சது எப்பன்னா, போன செவ்வாக்கிழமை. அவ பிளைட்டு ஏறினதுக்கு அப்புறம்.

அன்னிக்கு என்ன சொன்னேன்னா, போவோம், ஆனா முறையா பட்ஜெட் போட்டுட்டுப் போவோம்னேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். சீட்டு எடுத்த அம்பதாயிரம் எங்கிட்ட இருக்கு, மிச்சத்தை நீங்க போடுங்கன்னா. பாஸ்போர்ட்டு ரெண்டு பேர்கிட்டயும் இருந்துச்சு, மகளுக்கு எடுக்கும்போது சேத்து எடுத்தது. அதுல ஒரு பக்கத்துலயும் ஒரு முத்திரை கிடையாது, புது மாப்பிள்ளை வேட்டி மாதிரி இருக்கும்.

பட்ஜெட்டு போட ஆரம்பிச்சேன். சார், சிரிக்காதீங்க. ஆபீஸ்ல எப்படிப் போடுவோமோ அப்படியே போட்டேன். பயணம், தங்குமிடம், உணவு, உள்ளூர்ப் போக்குவரத்து, சில்லறைச் செலவு, எதிர்பாராச் செலவுன்னு தலைப்புப் போட்டு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பக்கம். பெட்டி ஒண்ணு வாங்கணும்னா இந்திராணி. கவர்மென்ட்ல ஒரு பொருள் வாங்கணும்னா மூணு கடைல விலைப்புள்ளி வாங்கணும், அதுல குறைஞ்ச விலைக்காரன்கிட்ட வாங்கணும். நான் மூணு கடைக்குப் போயி, பேப்பர்ல விலையை எழுதி சீல் வச்சுக் குடுங்கன்னு கேட்டேன். ரெண்டு கடைக்காரன் சிரிச்சுட்டு குடுத்தான். மூணாவது கடைக்காரன், 'இது என்ன சார், ஒரு சூட்கேஸுக்கு டெண்டரா?'ன்னான். குறைஞ்ச விலைக்குத்தான் வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தா ஜிப்பு கையோட வந்துருச்சு. இந்திராணியே ஊசி நூலை எடுத்துத் தைச்சா.

அப்புறம் அந்த ஊர்க் காசு. டாங்னு பேரு. நம்ம ஒரு ரூபா அவங்களுக்கு முந்நூறு. ஒரு காப்பி முப்பதாயிரம்னு யூடியூப்ல ஒருத்தன் சொல்றான். எனக்கு வேர்த்துப் போச்சு. ரெண்டு பேருக்கும் சேத்து மொத்தச் செலவை அவங்க காசுல போட்டுப் பாத்தேன், கிட்டத்தட்ட நாலு கோடி. நாலு கோடின்னு என் கையால எழுதின பேப்பரை எவனாவது பாத்தான்னா என்ன ஆவுறது? லஞ்ச ஒழிப்புக்காரன் வந்து நின்னா, அது வியட்நாம் கோடின்னு யாருக்கு விளக்கிக்கிட்டிருப்பேன்? அந்தப் பேப்பரைக் கிழிச்சு அடுப்புல போட்டுட்டேன்.

ஒரு வழியா எழுதி முடிச்சு, விண்ணப்பத்தை ஆபீஸ்ல குடுத்தேன். இங்கதான் சார் வினையே. என் விண்ணப்பத்தை நானே பாக்கக் கூடாது, பக்கத்து செக்ஷன் சூப்பிரண்டுதான் பாக்கணும். ஆனா அந்தச் சீட்டு எட்டு மாசமா காலி. அதோட கூடுதல் பொறுப்பு யாருக்கு? எனக்குத்தான். அதனால பைலு எங்கிட்டேருந்து கிளம்பி, டெஸ்பாட்ச் போயி, நம்பர் வாங்கிக்கிட்டு, சுத்திட்டு, திரும்ப என் மேசைக்கே வந்துச்சு. மேடத்துகிட்ட போயி கேட்டேன், என்ன பண்ணட்டும்னு. அவங்க சின்ன வயசு, தங்கமான அதிகாரி. 'நீங்களே பாத்து போட்டு அனுப்புங்க சார், நான் கையெழுத்துப் போட்டுர்றேன். சந்தோஷமா போயிட்டு வாங்க'ன்னாங்க.

சந்தோஷமா போயிட்டு வந்திருக்கலாம். பேனாவை எடுத்து, 'பரிந்துரைக்கப்படுகிறது'ன்னு ஒரே ஒரு வார்த்தை எழுதியிருக்கணும். நான் என்ன பண்ணேன்? பைலைப் பிரிச்சுப் படிச்சேன்.

படிச்சா இடிக்குது சார். மனைவியின் சீட்டுப் பணம் அம்பதாயிரம்னு போட்டிருக்கு, அந்த மனைவிக்கு வருமானம் எப்படி வந்துச்சு? ஆதாரம் இணைக்கப்படல. இதே குறையோட வேற ஒருத்தர் பைலு வந்தா நான் விடுவேனா? என் செக்ஷன்ல ரெஜினான்னு ஒரு பொண்ணு, போன வருஷம்தான் பரீட்சை எழுதி வேலைக்கு வந்தது. அதைக் கூப்பிட்டு, மெமோ போடும்மான்னேன். அது எழுதிக்கிட்டே கேட்டுச்சு, 'யாருக்கு சார்?' எனக்குத்தான்னேன். 'யாரு சார் கையெழுத்து?' நான்தான்னேன். அப்புறம் டைப் பண்ணுச்சு. பெறுநர், திரு. திருஞானம், கண்காணிப்பாளர். கீழ, கண்காணிப்பாளர், கூடுதல் பொறுப்பு. நான் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். பத்து நிமிஷத்துல பியூன் கொண்டுவந்து குடுத்தாரு, நான் பெற்றுக்கொண்டேன்னு இன்னொரு கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுல போயி இந்திராணிகிட்ட, உனக்கு வருமானம் எப்படி வந்துச்சுன்னு எழுதிக் குடுன்னேன். அவ ஜாக்கெட்டுல மயில் தைச்சுக்கிட்டிருந்தா. ஊசியைக் குத்தி வச்சிட்டு, ஒரு தாளை எடுத்து ரெண்டே வரி எழுதினா. 'இது நான் ஆரி வேலை செய்து சேர்த்த பணம். என்னுடைய பணம்.' கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டா. மறுநாள் ஆபீஸ்ல பாக்குறேன், தேதி போடல. அதையும் திருப்பிட்டேன் சார். என் பொண்டாட்டி எழுதின கடுதாசியைத் தேதி இல்லைன்னு அவகிட்டயே திருப்பிக் குடுத்தேன். அவ வாங்கி, தேதியப் போட்டா. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தோசைக்கு சட்னி இல்ல, பொடிதான்.

ரெண்டாவது தடவை, சில்லறைச் செலவு. ஐயாயிரம்னு மொத்தமா போட்டிருந்தேன். மொத்தமா போடக் கூடாது, பிரிச்சுப் போடணும். அதையும் திருப்பினேன். வீட்டுல வந்து, அங்க போயி என்னென்ன சின்னச் சாமான் வாங்குவ, வரிசையாச் சொல்லு, எழுதிக்கிறேன்னேன். அவ சொன்னா, போனாத்தானே தெரியும், தெரியாம வாங்குறதுக்குத்தானே அந்தக் காசுன்னா. நான் விடுவேனா? விசிறி நாலு, சாவிக் கொத்து ஆறு, தொப்பி ரெண்டுன்னு நானே எழுதிக்கிட்டேன். தொப்பியை நினைச்சு அப்பவே அவ சிரிச்சா. அதுதான் சார் அவ இந்த விஷயத்துல கடைசியாச் சிரிச்சது.

அதுக்குள்ள பிப்ரவரி பாதி போயிருச்சு. இருபத்தெட்டாம் தேதிக்குள்ள முழுப் பணமும் கட்டணும்னு ஜெயசீலன் போன் மேல போன். இந்த நேரத்துலதான் நான் போன்ல ஒரு வீடியோ பாத்தேன். ஏர்போர்ட்டுல இறங்கினதும் எப்படி வெளிய வர்றதுன்னு. கண்ணாடிக்குப் பின்னாடி ஒருத்தன் உக்காந்திருக்கான் சார். சிரிக்கவே மாட்டேங்கிறான். எதிர்ல நிக்கிறவனை நிமிந்து பாக்குறதில்ல. பாஸ்போர்ட்டை ஒவ்வொரு பக்கமா புரட்டுறான், நிறுத்துறான், திரும்பப் புரட்டுறான். எனக்கு அந்தப் புரட்டுறது நல்லாத் தெரியும். அப்படிப் புரட்டுறவன் என்னத்தையாவது கண்டுபிடிக்காம விட மாட்டான். அவன் இங்கிலீஷ்ல எதையாவது கேட்டு, நான் முழிச்சு, வரிசைலேருந்து தள்ளி நில்லுன்னுட்டான்னா? முப்பது பொம்பளைங்க பாக்க?

மறுநாள் காலைல ஆபீஸ் போனதும் முதல் வேலையா மூணாவது குறையைக் கண்டுபிடிச்சேன். டாங் மதிப்பு எந்தத் தேதி நிலவரம்னு குறிப்பிடல. நீங்க நினைக்கிற மாதிரி பயமெல்லாம் இல்ல சார். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது. மதிப்பு நிஜமாவே மாறித்தான் இருந்துச்சு, நாலு பைசா.

ரெஜினாவுக்குப் பொறுமை போயிருச்சு. சார், இந்த மாதிரி சின்னக் குறையோட பாஸான பைலு ஏதாவது பழசு இருக்கும், அதைக் காட்டி முடிச்சிரலாம்னு சொல்லிட்டு, பீரோவைக் குடைஞ்சு ஒண்ணை எடுத்துட்டு வந்துச்சு. நல்ல மனசுலதான் எடுத்துட்டு வந்துச்சு. அது காதர் மொய்தீன் பைலு.

காதர் எங்க ஆபீஸ் ஜீப் டிரைவர். ரெண்டு வருஷம் முன்னாடி ரிட்டையர் ஆயிட்டாரு. அதுக்கு முந்தின வருஷம் அவரு மகனுக்கு மலேசியாவுல நிக்காஹ். போறதுக்கு எழுதிக் குடுத்தாரு. சில்லறைச் செலவு மூவாயிரம்னு போட்டிருந்தாரு, மொத்தமா. நான் நாலு தடவை திருப்பியிருக்கேன். நாலு சிவப்பு மை. என் கையெழுத்துதான், அழகா, அடிச்சுத் திருத்தம் இல்லாம. கடைசில அனுமதி ஆர்டரு போன தேதியப் பாத்தேன். நிக்காஹ் முடிஞ்சு நாலு நாள் ஆகியிருந்துச்சு.

அந்த ஆர்டரை நான்தான் அவர் கைல குடுத்தேன். நல்லா ஞாபகம் இருக்கு. வாங்கினாரு, மடிச்சு சட்டைப் பாக்கெட்டுல வச்சுக்கிட்டாரு, ரொம்ப நன்றி சார்னாரு. அதுக்கப்புறம் ஒரு வருஷம் அதே ஜீப்புல என்னைக் கூட்டிட்டுப் போனாரு, கூட்டிட்டு வந்தாரு. ஒரு வார்த்தை கேக்கல. நானும், மனுசனுக்கு வருத்தமில்ல போலன்னு இருந்துட்டேன். அப்படி நினைச்சுக்கிட்டா நமக்குச் சுலபம் பாருங்க.

இப்ப சொல்லுங்க சார். என் பைலை நான் எப்படி பாஸ் பண்றது? காதருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? நான் எனக்கு நானே பாஸ் போட்டுக்கிட்டு வியட்நாம் போயி விசிறி வாங்கினா, அவரைத் திருப்பினது அநியாயம்னு ஆயிடும்ல? அதனால பைலைக் கட்டி இடதுபக்கமா வச்சுட்டேன். இடதுபக்கம்னா, கிடப்புல போடுற பக்கம், சம்பந்தப்பட்டவங்க வந்து கேட்டாத்தான் தேடுவேன். நேர்மையா இருக்கேன்னுதான் சார் நினைச்சேன். காதர்கிட்டப் போயி, தப்புப் பண்ணிட்டேங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவரு வீடு பெரம்பலூர்லதான், ஆபீஸுக்கு ரெண்டு தெரு தள்ளி. அது தோணவே இல்ல. பைலை வச்சு வீட்டுல இருக்கிறவளைத் தண்டிக்கத்தான் தோணுச்சு.

இருபத்தேழாம் தேதி, காலைல பதினொன்றரை இருக்கும். என் மேசைக்கு எதிர்ல மூணு பேரு வரிசைல நிக்கிறாங்க. நான் குனிஞ்சு எழுதிக்கிட்டே பதில் சொல்றேன், அதுதான் என் வழக்கம். நிமிந்தா கெஞ்சுவாங்க. முதல் ஆளு போனாரு, ரெண்டாவது ஒரு நர்சம்மா போச்சு. மூணாவது ஆளு கேட்டுச்சு.

"சார், வியட்நாம் போறதுக்கு ஒரு விண்ணப்பம் உங்ககிட்ட இருக்கு. அது இப்ப எந்த நிலைமைல இருக்குன்னு தெரிஞ்சுக்கலாமா?"

நான் குனிஞ்சவாக்குலயே சொன்னேன், "பரிசீலனைல இருக்கும்மா. ஒரு வாரம் கழிச்சு வந்து பாருங்க."

சொல்லி முடிச்சதும் ரெஜினா டைப் அடிக்கிற சத்தம் நின்னு போச்சு. அப்பத்தான் நிமிந்து பாக்குறேன். இந்திராணி. கல்யாணத்துக்குக் கட்டுற நீலப் புடவை, கைல மஞ்சப்பை. எல்லாரும் நிக்கிற இடத்துல, எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிற மாதிரியே நின்னா. இருபத்தாறு வருஷம் குடித்தனம் பண்ணின குரலு சார், எனக்கு அடையாளம் தெரியல. மேசைக்கு அந்தப் பக்கத்துலேருந்து வந்தா யாரு குரலும் எனக்கு ஒரே குரலுதான் போல.

"ஒரு வாரம் கழிச்சு வந்தா பணம் கட்டுற தேதி முடிஞ்சிரும் சார்"னா.

கோவமா சொல்லல. கிண்டலும் இல்ல. நிஜமாவே கேட்டா. பைலு இடதுபக்கம் இருக்கு, பேனா கைல இருக்கு, மேடம் உள்ள இருக்காங்க. ஒரு கையெழுத்துப் போட ரெண்டு செகண்டு ஆகுமா? அந்த ரெண்டு செகண்டுல நான் என்ன சொன்னேன் தெரியுமா? இங்கல்லாம் வரக் கூடாது இந்திராணின்னு சொன்னேன்.

சரிங்கன்னுட்டுத் திரும்பிட்டா. போற வழில ரெஜினா மேசைகிட்ட நின்னா. ஏம்மா, இந்த அனுமதி எனக்கும் வேணுமான்னு கேட்டா. அந்தப் பொண்ணு எந்திரிச்சு நின்னு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுச்சு.

"உங்களுக்கு எதுக்குக்கா? நீங்கதான் கவர்மென்ட் உத்தியோகத்துல இல்லையே. நீங்க பாட்டுக்குப் போகலாம்."

இது எனக்குத் தெரியாத விதியா சார்? பதினோரு வருஷமா இந்தச் சீட்டுல உக்காந்திருக்கேன். ஆனா அவளும் போறதுக்கு என் கையெழுத்து வேணும்னுதான் என் மனசுல இருந்திருக்கு. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கு, பாவம். அன்னிக்கு வாசப்படிய விட்டு இறங்கிப் போனா பாருங்க, வந்ததை விட வேகமா போனா.

ஆரி வேலைக்கு ஜாக்கெட் குடுத்திருந்த ரெண்டு பொண்ணுங்ககிட்ட முன்பணம் வாங்கி, மிச்சத்தைப் போட்டு, ஒரு ஆளுக்கு மட்டும் பணம் கட்டிட்டா. வீட்டுல சண்டையே இல்ல. சண்டை போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். எங்கிட்ட எப்பவும் போல பேசினா, சோறு போட்டா, என் பனியனைக் காயப் போட்டா. கிளம்புற அன்னிக்கு, அஞ்சு நாளைக்கும் மாவு அரைச்சு வச்சிருக்கேன், புளிச்சா பிரிட்ஜுல கீழ்த்தட்டுல வைங்கன்னு சொல்லிட்டு, தைச்ச பெட்டியைத் தானே தூக்கிக்கிட்டு ஜெயசீலன் வேன்ல ஏறிட்டா. போயிட்டு வர்றேங்கன்னு சொன்னா. நீங்களும் வந்திருக்கலாமேன்னு சொல்லல. அதைச் சொல்லுவாளோன்னு வாசல்லயே நின்னுக்கிட்டிருந்தேன்.

அஞ்சு நாள்ல ரெண்டு தடவை போன் பண்ணினா. பத்திரமா இருக்கேன்னா. நான் அந்தக் கண்ணாடிக்காரனைப் பத்திக் கேட்டேன், புரட்டினானா, ஏதாவது கேட்டானான்னு. அவ யோசிச்சா. அப்படி ஒரு ஆள் இருந்தாரா என்ன, எனக்குக் கவனமில்லீங்க, முத்திரை குத்திக் குடுத்துட்டாருன்னா. அவ்வளவுதானான்னேன். அவ்வளவுதாங்கன்னா.

போனை வச்சதும் வெக்கமா இருந்துச்சு சார். அவ இல்லாத வீடு வேற, ஒரு சத்தமும் இல்லாம கிடந்துச்சு.

இன்னிக்கு லீவு போட்டுட்டு வந்திருக்கேன். நான் வர்றது அவளுக்குத் தெரியாது. ஆபீஸ்ல வேலை இருக்கு, நீ வேன்லயே வந்துருன்னு சொல்லியிருந்தேன். என்ன பேசுறதுன்னு பஸ்ல வர்றப்ப யோசிச்சுக்கிட்டே வந்தேன். தப்பு என் மேலதான்னு ஆரம்பிக்கலாம்னு நினைச்சேன். அப்புறம் முதல்ல பயணம் எப்படி இருந்துச்சுன்னு கேக்கலாம்னு மாத்தினேன். வழில பாடாலூர் வர்றதுக்குள்ள நாலு தடவை மாத்தியாச்சு. நான் எழுதுறது ஒண்ணும் எனக்கே பாஸாக மாட்டேங்குது சார்.

என்ன, கதவு திறந்துட்டாங்களா? எங்க பிளைட்டா? ஆமா, அது ஜெயசீலன்தான், கொடியைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு வர்றாரு. அந்த ரெண்டு பேரும் எங்க தெரு அம்மாங்க. இந்திராணி எங்க? இல்ல சார், அது இல்ல. அது வேற யாரோ, சுடிதார் போட்டவங்க. எங்காளு சுடிதார் போட மாட்டா.

இருங்க.

அவதான் சார். அவளேதான். கழுத்தை நிமித்திக்கிட்டு வர்றா. தள்ளுவண்டியை ஒத்தக் கையால தள்ளிக்கிட்டு, இன்னொரு கையை வீசிக்கிட்டு வர்றா. எனக்கே ஒரு நிமிஷம் யாருன்னு தெரியல பாத்தீங்களா. அவ இப்படி நடந்து நான் பாத்ததே இல்ல.

வேணாம் சார், கூப்பிடாதீங்க. நீங்க நல்ல மனசுல சொல்றீங்க, வேணாம். கொஞ்ச தூரம் நடக்கட்டும். இந்தப் பக்கம் திரும்பிப் பாத்தான்னா மறுபடியும் சூப்பிரண்டு சம்சாரம் ஆயிடுவா.

வேனுக்குப் போகலையே. ஜெயசீலன்கிட்ட என்னமோ சொல்லிட்டு, இந்தப் பக்கம் டாக்சிக்குச் சீட்டுக் குடுக்குற இடத்துக்குப் போறா. தனியாப் போறேன்னுட்டா போல. வரிசைல போயி நிக்கிறா. முன்னாடி நாலு பேரு இருக்காங்க.

நான் வர்றேன் சார். மகன் வந்தாருன்னா நான் விசாரிச்சதாச் சொல்லுங்க. நான் போயி அவளுக்குப் பின்னாடி நிக்கிறேன். அஞ்சாவது ஆளு, இல்ல ஆறாவது ஆளு. அவ திரும்பிப் பாக்குறப்ப பாக்கட்டும். பாத்தான்னா, பெரம்பலூருக்குத்தான் போறேன், உங்க வண்டில இடம் இருக்குமான்னு கேட்டுப் பாக்குறேன்.